சிரிக்காமல் சொன்ன பகிடி

உங்களில் இரண்டு பேர் போன கிழமை என் வீட்டுக்கு வந்து, உங்கள் கணினி நிலையத்தில் புதிதாக வேலைக்குச் சேர்ந்தவரைப் பற்றிக் குறைப்பட்டுக்கொண்டீர்கள். ஹெட்போனைக் கழற்றுவதில்லை, கண்டால் சிரிப்பதில்லை, மதியச் சாப்பாட்டுக்கும் எங்களோடு வந்து இருப்பதில்லை, நேரம் கிடைத்தால் கேம், அது ஒரு தனிப் பிறவி என்றீர்கள். சாப்பிடக் கூப்பிட்டீர்களா என்று கேட்டேன். "கூப்பிட்டா வரமாட்டார் அண்ணை, அதாலதான் கூப்பிடேல்லை" என்றீர்கள். அந்தப் பதிலில் ஒரு பிழையும் இல்லை என்று நீங்கள் இருவரும் முழுமனதாக நம்பியதைப் பார்த்த பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன்.

தொழில்நுட்பத்தில் உங்களுக்குச் சொல்லித்தர என்னிடம் ஒன்றும் இல்லை. நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். சண்டைக்கால இடம்பெயர்வு ஒன்றில் பள்ளிக்கூடம் ஒரு பக்கம் போனது, நாங்கள் ஒரு பக்கம் போனோம். பிறகு இரண்டு பேரும் சந்திக்கவே இல்லை. ரேடியோ திருத்தினேன், ரி.வி. திருத்தினேன். சண்டை நின்ற சமாதான காலத்தில் பாதை திறந்து வன்னிக்குள் கொம்பியூட்டர்கள் வந்தபோது, அதையும் ஒரு பெட்டிதானே என்று திறந்து பார்த்தேன். அப்படித்தான் கிளிநொச்சியில் ஒரு கணினி நிலையத்தில் திருத்துநர் ஆனேன். ஓய்வுபெறும்வரை திருத்துநராகவே இருந்தேன்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். நான் பயந்தவன். திருத்திக் கொடுத்த மெஷினை ஆள் சைக்கிளில் கட்டிக்கொண்டு போனால், அது வழியில் புகைக்குமோ என்று அவர் சந்தி திரும்பும்வரை வாசலில் நின்று பார்ப்பேன். சந்தி திரும்பிய பிறகு, இனிமேல்தான் புகைக்குமோ என்று யோசிப்பேன். யாராவது என்னிடம் ஏதாவது கேட்டால், தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்ற பயத்தில் "பாப்பம்" என்று மட்டும் சொல்வேன். மெலிந்த உடம்பு, தடித்த கண்ணாடி, வாயில் ஒரேயொரு சொல். சனத்துக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்? தெருவில் எல்லாரும் என்னைப் பெரிய புரோகிராமர் என்று முடிவுகட்டிவிட்டார்கள். எனக்கு ஒரு வரி புரோகிராமும் எழுதத் தெரியாது.

உண்மையான புரோகிராமர் குகன். விசுவமடு ஆள். தகப்பன் நெல் லொறி ஓடியவர். குகனும் அந்த லொறியில் மூட்டை ஏற்றி வளர்ந்தவர் என்பதால், தோளும் கையும் கதவு நிலையை அடைக்கிற அளவில் இருந்தன. வவுனியாவில் படித்துவிட்டு வந்து எங்கள் நிலையத்தில் சேர்ந்தார். வாடிக்கையாளர்கள் உள்ளே வந்ததும் அவரைக் கடந்து நேரே என்னிடம் வருவார்கள். தங்கள் கடைக்கு என்ன மாதிரிப் புரோகிராம் வேண்டும் என்று எனக்கு விவரமாகச் சொல்வார்கள். நான் "பாப்பம்" என்பேன். அவர்கள் திருப்தியோடு எழும்பிப் போகும்போது குகனிடம், "தம்பி, வாசல்ல ஒரு மூட்டை கிடக்கு, ஒருக்காத் தூக்கி சைக்கிள்ல வைச்சு விடும்" என்பார்கள். அவர் எழும்பிப்போய்த் தூக்கி வைத்துவிட்டு வந்து, அவர்கள் கேட்ட புரோகிராமை எழுதத் தொடங்குவார்.

மதியத்தில் ஹெட்போனைப் போட்டுக்கொண்டு கார் ஓட்டுகிற கேம் விளையாடுவார். அதுதான் அவர் செய்த குற்றம். கேம் அடிக்கிறவர்களுக்குக் கண் குழிவிழும், காது மந்தமாகும், கலியாணம் சரிவராது என்று தெருவில் ஒரு மருத்துவமே இருந்தது. அவரும் யாரோடும் கதைக்கமாட்டார், நானும் யாரோடும் கதைக்கமாட்டேன். அதே மௌனத்துக்கு என்னிடத்தில் மூளை என்று பெயர், அவரிடத்தில் திமிர் என்று பெயர். அவருக்கு ஒரு கண்ணாடி வாங்கிக் கொடுத்திருந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்திருக்கும் என்று இப்போது நினைக்கிறேன்.

எங்கள் நிலையத்துக்கு ஒரு பக்கம் மணியண்ணையின் தேத்தண்ணிக் கடை. மறு பக்கம் பத்மா அக்காவின் தையல் கடை. மூன்று கடைக்கும் பின்னால் பொதுவாக ஒரு கிணறு. சண்டை திரும்பத் தொடங்கி, குண்டு போடும் கிபிர் விமானங்கள் வன்னிக்கு மேலே வரத் தொடங்கியபோது, மூன்று கடைக்கும் பொதுவாக பதுங்க ஒரு பங்கரும் வேண்டும் என்றானது. மணியண்ணைதான் முன்னுக்கு நின்றார். எங்கே வெட்டுவது, எவ்வளவு ஆழம், மேலே அடுக்கப் பனங்குற்றி எங்கிருந்து வருகிறது, எல்லாம் அவர் கணக்கு. பத்மா அக்கா உரப்பைகளைத் தைத்துத் தைத்து மண் போடத் தந்தா. நான் மண்வெட்டி பிடித்தேன். முதல் நாளே இரண்டு கையிலும் கொப்பளம். "பாவம், மூளை வேலை செய்யிற கையெல்லே" என்று பத்மா அக்கா மஞ்சள் பூசிவிட்டா.

குகன் வரவில்லை. பாதை மூடப்பட்டு மருந்து வருவது குறைந்திருந்த நேரம் அது. ஒரு மருந்துக் களஞ்சியத்துக்கு, எந்த மருந்து முதலில் காலாவதியாகும், எதை எங்கே அனுப்பவேண்டும் என்று பார்க்க ஒரு புரோகிராம் கேட்டிருந்தார்கள், அதுவும் அந்தக் கிழமைக்குள். அவர் கதிரையை விட்டு எழும்பவே இல்லை. கண்ணாடி ஜன்னலுக்குள்ளால் பார்ப்பவர்களுக்கு ஹெட்போன் போட்ட ஒரு பெரிய முதுகு மட்டும் தெரியும். அந்த முதுகு வேலை செய்கிறதா, கார் ஓட்டுகிறதா என்று முதுகைப் பார்த்து யாருக்குத் தெரியும்?

"அவருக்கு அவசர வேலை அண்ணை" என்று நான் மணியண்ணையிடம் சொன்னேன். எனக்கே கேட்காத குரலில்தான் சொல்லியிருப்பேன்.

பங்கர் முடிந்த அன்று குகன் தேத்தண்ணி குடிக்க வந்தார். மணியண்ணை ஆற்றிய தேத்தண்ணியை அவர் முன்னால் வைத்துவிட்டு, "தம்பி, வெட்ட வராத ஆக்களுக்கு உள்ளுக்கு இடமில்லை, கண்டீரோ" என்றார். முகத்தில் ஒரு சுருக்கம்கூட அசையவில்லை. சுற்றி நின்றவர்களும் சிரிக்கவில்லை. குகன் "சரி அண்ணை" என்றார். குடித்தார், கோப்பையைக் கழுவி வைத்தார், போனார்.

மணியண்ணையைப் பற்றி ஒன்று தெரிந்தால்தான் இது விளங்கும். அவர் கேலியாகப் பகிடி விடும்போது சிரிக்கமாட்டார். எங்கள் பக்கத்தில் பலரும் அப்படித்தான். தகப்பன் செத்த வீட்டுச் செய்தி சொல்கிற முகத்தோடு உங்களை ஏய்ப்பார்கள். நீங்களும் அதே முகத்தோடு திருப்பி ஏதாவது சொல்லவேண்டும். குகன் "அப்ப தேத்தண்ணியை மட்டும் உள்ளுக்கு அனுப்பிவிடுங்கோ" என்று சொல்லியிருந்தால், அன்றைக்கே தெருவில் அவர் ஓர் ஆளாகியிருப்பார். அவர் "சரி அண்ணை" என்றார். "பாத்தியே திமிரை" என்றார் மணியண்ணை.

அதற்குப் பிறகு கிபிர் பல தடவை வந்தது. யாராவது விசில் அடிப்பார்கள், ஓடுவோம். முதலில் உள்ளே போகிறவன் எப்போதும் நான்தான். விசிலுக்கு முன்னரே சில வேளைகளில் போயிருக்கிறேன். சில வேளைகளில் தண்ணீர் மோட்டர் சத்தத்துக்கும் போயிருக்கிறேன். போய் ஆக உள்மூலையில் குந்திக்கொண்டு கண்ணை மூடிவிடுவேன். யார் வந்தார்கள், யார் வரவில்லை என்று எனக்குத் தெரியாது. மற்றவர்கள்தான் சொல்வார்கள்.

"எங்கயாம் உங்கட ஆள்?"

"அவருக்கென்ன, காதில பூட்டுப் போட்டுக்கொண்டு கேம் அடிச்சுக்கொண்டிருப்பார்."

"குண்டு விழுந்தாலும் அந்தக் காரை நிப்பாட்டிப்போட்டுத்தான் சாவார்."

இருட்டுக்குள்ளே எல்லாரும் சிரிப்பார்கள். பயத்தில் சிரிக்க ஓர் ஆள் தேவைப்படும், அந்த ஆள் வெளியே இருந்தால் இன்னும் வசதி.

ஒரு நாள் காலையில் நான் நிலையத்துக்குப் பின்னால் ஜெனரேற்றருக்கு எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தேன். அது போடுகிற சத்தத்தில், இல்லாத விமானத்தையெல்லாம் கேட்ட என் காதுக்கு உண்மையாக வந்தது கேட்கவில்லை. நிமிர்ந்து பார்த்தபோது பத்மா அக்கா கடையிலிருந்து கடைசி ஆளும் ஓடி முடிந்திருந்தது. எண்ணெய்க் கானைப் போட்டுவிட்டுக் கிணற்றடியால் ஓடினேன். கிணற்றுக் கட்டுக்கும் உடுப்புத் தோய்க்கிற கல்லுக்கும் இடையில் ஏதோ தடக்கி விழுந்தேன். குகனுடைய கால்.

அவர் முகம் குப்புறப் படுத்து, முழங்கை ஊன்றி, காதைப் பொத்தி, வாயைத் திறந்து வைத்திருந்தார். எப்படிப் படுக்கவேண்டும் என்று எங்களுக்குச் சொல்லித்தந்த எல்லாவற்றையும் ஒன்று விடாமல் செய்திருந்தார். ஹெட்போன் கழுத்தில் கிடந்தது.

"என்ன தம்பி, ஏன் இஞ்ச படுத்திருக்கிறீர்?"

"எப்பவும் இஞ்சதான் அண்ணை."

"பங்கருக்கு வாருமன்."

"அங்க எனக்கு இடமில்லை. மணியண்ணை சொன்னவர்."

எனக்கு முதலில் விளங்கவில்லை. பிறகுதான் தேத்தண்ணிக் கடையில் மணியண்ணை சொன்னது ஞாபகம் வந்தது. மேலே விமானம் ஒரு வட்டம் சுற்றிப் போய்க்கொண்டிருந்தது. திரும்பி வரும்போதுதான் கீழே குத்திக் குண்டு போடும் என்று எல்லாருக்கும் தெரியும்.

"அது பகிடி தம்பி."

"எனக்கெப்பிடித் தெரியும்? அவர் சிரிக்கேல்லை. ஒருத்தரும் சிரிக்கேல்லை." பிறகு, என்னைச் சமாதானப்படுத்துகிற மாதிரிச் சொன்னார்: "நான் வெட்ட வரேல்லைத்தானே அண்ணை. கணக்குச் சரிதான். நீங்கள் போங்கோ."

தெருவில் அத்தனை பேரும் காது மந்தம் என்று சொன்ன ஆள், விமானச் சத்தத்தை எங்களோடு சேர்ந்து கேட்டு, எழும்பி வந்து, எங்களுக்கு இடைஞ்சல் கொடுக்காமல் கிணற்றடியில் வந்து படுத்திருக்கிறார், ஒவ்வொரு முறையும். கல்லுக்கும் கட்டுக்கும் நடுவே அவருடைய உடம்பில் பாதிதான் மறைந்தது.

நெருக்கடியில் என்ன செய்யவேண்டும் என்று நீங்கள் பயிற்சிக்குப் போய்ப் படிக்கிறீர்கள். நான் என்ன செய்தேன் என்று சொல்கிறேன். இழுத்துப் பார்த்தேன், அந்த உடம்பை என்னால் அசைக்க முடியவில்லை. தனியாக ஓடுவோம் என்று நினைத்தேன், கால் வரவில்லை. பிறகு அதைத் துணிவு என்று சொன்னார்கள். அது துணிவில்லை, கால் வரவில்லை. மிச்சம் இருந்தது வாய் ஒன்றுதான். பங்கர் வாசலைப் பார்த்து, என் வாழ்நாளில் அதுவரை போடாத சத்தத்தில் கூப்பிட்டேன்.

"மணியண்ணை, குகனுக்கு இடமிருக்கெண்டு சொல்லுங்கோ."

வாசலில் அவர் தலை தெரிந்தது. "ஆருக்கு?"

"குகனுக்கு. இடமிருக்கெண்டு சொல்லுங்கோ."

"அவன் நிலையத்துக்குள்ள இருந்து கேம் அடிக்கிறானெல்லே."

"இல்லை, கிணத்தடியில படுத்திருக்கிறார். நீங்கள் இடமில்லையெண்டு சொன்னனீங்களாம். ஒவ்வொரு முறையும் இஞ்சதான் படுக்கிறாராம்."

பங்கருக்குள்ளே இருந்து பத்மா அக்காவின் குரல் வந்தது. "மணியண்ணை, உங்கட வாயால சொன்னதை உங்கட வாயாலயே எடுங்கோ. கெதியாச் சொல்லுங்கோ."

"வா தம்பி, இடமிருக்கு" என்றார் மணியண்ணை.

குகன் தலையைத் தூக்கிப் பார்த்தார். "உண்மையாவோ?"

"இந்த நேரத்தில ஆராவது பகிடி விடுவினமே? ஓடி வாடா."

குகன் எழும்பினார். ஓடினார் என்றுதான் சொல்லவேண்டும், ஆனால் என்னையும் ஒரு கையில் தூக்கிக்கொண்டு ஓடினார். இரண்டு பேரும் வாசலால் உருண்டு விழ, வானம் கிழிந்த மாதிரி விமானம் இறங்கியது. குண்டு எங்கள் தெருவில் விழவில்லை. வயல் பக்கமாக எங்கோ விழுந்தது. கூரையிலிருந்து மண் கொட்டி எல்லாருடைய தலையையும் நரைக்க வைத்தது.

பிறகுதான் எல்லாருக்கும் தெரிந்தது, மூச்சு விட முடியவில்லை என்று. அந்த உடம்புக்கு அந்தப் பங்கர் காணவில்லை. அவருடைய முழங்கால் மணியண்ணையின் நெஞ்சில் இருந்தது. முழங்கை என் கண்ணாடியில் இருந்தது.

"ஆளை அளவெடுக்காமத் தைச்சா உப்பிடித்தான்" என்றா பத்மா அக்கா.

மணியண்ணை இருமினார். "டேய் தம்பி, நான் அண்டைக்குச் சும்மா சொன்னது."

"நீங்கள் சிரிக்கேல்லை அண்ணை."

"பகிடி விடேக்க சிரிச்சா அது பகிடியே?"

குகன் கேட்டார், "அப்ப பகிடியையும் உண்மையையும் என்னெண்டு பிரிச்சுப் பாக்கிறது?"

நாங்கள் எல்லாரும் பிறந்ததிலிருந்து பிரித்துப் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம். எப்படி என்று யாரும் கேட்டதில்லை. சங்கடம் தாங்காமல் மணியண்ணை, "நீ ஏன் மோனை கேக்கேல்லை, ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாமே" என்றார்.

"கேட்டா எனக்காக நீங்கள் வேற ஆரையாவது வெளியில விடவேண்டி வரும் எண்டு நினைச்சன்."

பத்மா அக்கா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தா. கண்ணில் மண் என்றா.

அடுத்த நாள் காலையில் குகன் மண்வெட்டியோடு தேத்தண்ணிக் கடை வாசலில் நின்றார். "எவ்வளவு வெட்டவேணும் அண்ணை?" மணியண்ணைக்கு அது ஒரு வெட்கமான காலை. "நான் போதும் எண்டு சொல்லுமட்டும் வெட்டு" என்று சொல்லிவிட்டு, மரக்கறி வாங்கச் சந்தைக்குப் போய்விட்டார். என்ன நடக்கும் என்று உங்களுக்கு விளங்கியிருக்கும். எங்களுக்கு விளங்கவில்லை. மதியம்போல் நான் பின்னால் போய்ப் பார்த்தபோது மண்வெட்டி வீசுகிற மண் மட்டும் மேலே வந்துகொண்டிருந்தது, ஆளைக் காணவில்லை. எட்டிப் பார்த்து, "தம்பி, போதும்" என்றேன். "மணியண்ணை சொல்லட்டும்" என்று கீழேயிருந்து குரல் வந்தது. மணியண்ணை வந்து பார்த்து, தலையில் கையை வைத்துக்கொண்டு போதும் என்றார். அதற்குப் பிறகு எங்கள் பங்கரில் கால் நீட்டலாம். தேத்தண்ணிக் கேத்திலை வைக்க மண்ணிலேயே ஒரு தட்டு இருந்தது. பக்கத்துத் தெருவிலிருந்து வந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

இத்தோடு தெரு திருந்தியது என்று எழுதினால் நன்றாக இருக்கும். தெரு திருந்தவில்லை. பழைய நம்பிக்கையைக் கழற்றி வைத்துவிட்டுப் புதியதைப் போட்டுக்கொண்டது. புரோகிராமர்மார் வாய் பேசமாட்டார்கள், ஆனால் நன்றாக மண் வெட்டுவார்கள் என்று மணியண்ணை வருகிற போகிறவர்களுக்கெல்லாம் சொல்லத் தொடங்கினார். என்னைப் பற்றிய சந்தேகமும் அப்போதுதான் முதலில் எழுந்தது. "உவர் வெட்டின வெட்டைப் பாத்தா, உவர் புரோகிராமர் இல்லைப் போல கிடக்கு" என்று அவர் பத்மா அக்காவிடம் சொன்னதை நானே கேட்டேன். தெரு என்னைப் பற்றி நினைத்தவற்றில் சரியான முடிவு அது ஒன்றுதான். அது வந்த வழிதான் முழுப் பிழை.

சில மாதம் கழித்து எங்கள் நிலையத்துக்கு இன்னொரு புரோகிராமர் வந்தா. ஸ்கந்தபுரத்துப் பிள்ளை, பெயர் சுதர்சினி. கடுகு மாதிரி ஆள், ஆனால் வாய் ஓயாது. உள்ளே வரும்போதே பத்மா அக்காவுக்கு தன் வீட்டார் எல்லாருடைய சாதகமும் சொல்லிவிடுவா போல இருந்தா. தேத்தண்ணி குடிக்க நாங்கள் மூன்று பேரும் போனோம். மணியண்ணை அவவின் முன்னால் கோப்பையை வைத்தார். பிறகு உள்ளே போய் மண்வெட்டியை எடுத்து வந்து கோப்பைக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்தார்.

"புரோகிராமர் எண்டா ஆளுக்கொரு பங்கு வெட்டவேணும் பிள்ளை. இல்லாட்டி உள்ளுக்கு இடமில்லை."

அவா விழுந்து விழுந்து சிரித்தா. "நல்ல பகிடி அண்ணை."

மணியண்ணை சிரிக்கவில்லை. நான் அவருடைய முகத்தை உற்றுப் பார்த்தேன். பிறந்ததிலிருந்து பிரித்துப் பார்த்துப் பழகிய எனக்கே அது பகிடியா உண்மையா என்று தெரியவில்லை. அவருக்கும் தெரிந்திருக்குமோ என்பது சந்தேகம். சுதர்சினியின் சிரிப்பு மெல்ல மெல்ல நின்றது. அவா மண்வெட்டியைப் பார்த்தா, என்னைப் பார்த்தா. நான் "பாப்பம்" என்று சொல்ல வாயெடுத்தேன்.

குகன் ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"அண்ணை, முதல்ல இவாவுக்கு இடமிருக்கெண்டு சொல்லுங்கோ. வெட்டுறதைப் பிறகு கதைப்பம்."

"அது இருக்குத்தானே. அதையும் சொல்லவேணுமே?"

"ஓம், சொல்லவேணும்."

கடைக்குள்ளே இருந்தவர்கள் கதையை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். குகன் அந்தத் தெருவில் ஒரே மூச்சில் இவ்வளவு கதைத்ததை யாரும் கேட்டதில்லை. மணியண்ணை தோளில் கிடந்த துவாயை எடுத்துத் துடைத்த மேசையையே திரும்பத் துடைத்தார். பிறகு அந்தப் பிள்ளையைப் பார்த்து, "இருக்குப் பிள்ளை. வெட்டினாலும் இருக்கு, வெட்டாட்டியும் இருக்கு. விசில் கேட்டா யோசிக்காம ஓடி வாரும்" என்றார்.

குகன் தேத்தண்ணியை ஒரே இழுவையில் குடித்தார், கோப்பையைக் கழுவிக் கவிழ்த்தார், மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய்க் கிணற்றடிச் சுவரில் சாத்தினார். மதிய இடைவேளையில் இன்னும் கொஞ்ச நேரம் மிச்சம் இருந்தது. போய் ஹெட்போனை மாட்டிக்கொண்டு காரை ஓட்டத் தொடங்கினார்.